நரியின் மேல் நீ ஒட்டிய சீட்டு

விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் பழைய புத்தகம் விற்பவரிடம் நேற்று உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு மாத நாவலின் அட்டையில் சிவப்புக் கண்ணோடு ஒரு நரி, அதன் பக்கத்தில் மயங்கி விழும் ஒரு பெண், மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட நோட்டுத்தாளில் வெட்டிய ஒரு சீட்டு. அதில் நீல பால்பாயிண்ட் பேனாவில் என் பெயர், ‘எழுதினது ஜெயக்கொடி, திண்டிவனம்’. பசையைப் பூச்சி அரித்து ஒரு மூலை மட்டும் கிளம்பியிருந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்த பிறகும் நடு பஸ் ஸ்டாண்டில் என்னைத் தலைகுனிய வைக்கிறாயே என்று.

தொண்ணூற்று மூன்றில் என் முதல் மாத நாவல் வந்தபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உன் பேப்பர் கடை எதிரே போய் நின்றேன். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய புத்தகங்களில் என்னுடையதை யாராவது வாங்குகிறார்களா என்று பார்க்கத்தான். அரை மணி நேரம் பொறுத்தாய். பிறகு, “இன்னாமே, வாங்குறதுன்னா வாங்கு. வெயில்ல நின்னுக்கினு புக்க மொறைக்காத” என்றாய். நான்தான் எழுதினேன் என்றேன். நீ நம்பவில்லை. மறுநாள் காலை நான் விழுப்புரம் பஸ்ஸுக்கு வந்தபோது, வணக்கம்கூடச் சொல்லாமல், “ரெண்டாவது அத்தியாயத்துல அவன் எதுக்கு அழுவுறான்? அடி உழுந்தமாரியும் தெர்ல, பசிச்சமாரியும் தெர்ல” என்று கேட்டாய். அன்றிலிருந்து நாம் சிநேகிதிகள்.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் பஸ் ஏறும்போது கைப்பிரதியை உன்னிடம் கொடுப்பேன், சாயங்காலம் இறங்கும்போது திரும்ப வாங்குவேன். நீ பேனாவால் ஒரு கோடுகூடப் போட மாட்டாய். வேர்க்கடலையை, உன் பேச்சில் மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டே படிப்பாய். பிடிக்காத பக்கத்தில் ஒரு தோலைச் செருகி வைப்பாய். பஸ்ஸில் நான் பிரித்தால் மடியெல்லாம் தோல் கொட்டும். எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் திருத்துவேன். சென்னையில் இருந்த பதிப்பாளர் என் நடை மெருகேறிவிட்டது என்று எழுதினார். மெருகேற்றியது யார் என்று அவருக்குத் தெரியாது.

ஐந்து வருடம் காதல் கதைகளே எழுதினேன். மாமன் மகன், மழை, ரயில், தப்பாகப் புரிந்துகொண்ட கடிதம். எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் உன்னிடம் சொன்னேன், ஒரு ஆள் நரியாக மாறுகிறான், அது தெரிந்தும் ஒருத்தி அவனைக் காதலிக்கிறாள் என்று எழுதப் போகிறேன் என்று. சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. “எப்போ மாறுவான்?” என்று கேட்டாய். பௌர்ணமிக்கு என்றேன், எங்கோ அப்படிப் படித்திருந்தேன். “பௌர்ணமியில பால் மாதிரி வெளிச்சம் இருக்கும், மல்லாட்டைக் கொல்லையில காவலுக்கு ஆளு இருக்கும், பாத்துடுவாங்க. அமாவாசைன்னா ஊரே பஸ் ஏறி மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்க்கினு இருக்கும். அன்னிக்கு ஒருத்தன் நரியா மாறுனா எவன் பாக்கப்போறான்?” அதோடு கதை பிடிபட்டுவிட்டது. ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமம், அமாவாசைதோறும் கோயிலுக்குப் போகும் ஒருத்தி, என்றைக்குக் கூப்பிட்டாலும் வரும் அவன் அன்றைக்கு மட்டும் வருவதில்லை.

பாதி எழுதிக் கொடுத்த அன்று ஒரே பக்கத்தில் ஏழெட்டுத் தோல்கள். “ஆளு நரியா மாறும்போது வேட்டி இன்னாவும்?” என்றாய்.

“அவுந்து உழும்.”

“திரும்பி மனுசனா மாறும்போது? அம்மணமா அவ எதுர்ல வந்து நிப்பானா? உன் புக்க கொழந்தைக்கு மருந்து வாங்க வர்ற பொம்பளைங்க வாங்குறாங்கமே.”

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன். இருட்டும் முன்பே அவன் வேட்டியை அவிழ்த்து, கரையோடு கரை சேர்த்து, எங்கள் கடையில் மடிப்பது போலவே மடித்து, வேப்பங்கிளைக் கவட்டையில் வைக்கிறான். பிறகுதான் நரி. ஒரு அமாவாசை அவள் கோயிலுக்குப் போகாமல், அந்த வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். அந்த அத்தியாயத்தில் ஒரு தோல்கூட இல்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான்.

பதிப்பாளர் போன் செய்தார், உன் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு. கதை பிரமாதம் என்றார். ஆனால் என் பெயரில் போட முடியாதாம். “குடும்பப் பெண்கள் உங்க பேரை நம்பி வாங்கறாங்கம்மா. நரி, அமாவாசைன்னா பயந்துடுவாங்க.” திகில் கதைகளுக்கு என்றே அவர்கள் ஒரு ஆண் பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஆளே கிடையாது. யார் எழுதினாலும் அந்தப் பெயரில்தான் வரும். ஆளே இல்லாத ஒருவனுக்கு என் நரியைத் தாரை வார்த்தார்கள், நானும் சரி என்றேன். எனக்குச் சம்மதமா என்று அவர் கேட்கக்கூட இல்லை, சொன்னார், அவ்வளவுதான். வெளியே வந்து உன்னிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றேன்.

நீ சொல்லவில்லை. ஒட்டினாய்.

புத்தகக் கட்டு வந்து இறங்கிய அன்றே மைதாப் பசை காய்ச்சி, பிள்ளைகளின் நோட்டைக் கிழித்து, உன் கடைக்கு வந்த அத்தனை பிரதியிலும் ஒட்டினாய். அதோடு விட்டாயா? அடுத்த அமாவாசைக்குக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பசை டப்பாவோடு விழுப்புரம் வந்து, பஸ் ஸ்டாண்டில் தெரிந்த கடைகளிலெல்லாம் ஒட்டினாய். புத்தக ஏஜென்ட் பார்த்துவிட்டு சென்னைக்குச் சொல்லிவிட்டார். மறுபடியும் போன். “இதெல்லாம் நீங்க சொல்லிச் செஞ்சதா? உங்க அடுத்த நாவல் அச்சுக்குப் போகணுமா வேணாமா?”

“எனக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லைங்க. கடைக்காரம்மா ஏதோ பொய்யா ஒட்டிட்டாங்க” என்றேன். நீ பூத்துக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாய். கதவில் கண்ணாடி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வெளியே வந்து உன்மேல்தான் பாய்ந்தேன். என் பேரு, என் பொழப்பு, என்னைக் கேக்காம எப்பிடி ஒட்டுவ என்று கத்தினேன். நீ குரலை உயர்த்தவே இல்லை.

“உனக்காவ ஒட்டலமே. நான் கடை வச்சிக்கினு இருக்கேன். அழுகுன பழத்த நல்ல பழம்னு விப்பனா? இல்லாத ஆளு எழுதினான்னு மட்டும் எப்பிடி விப்பேன்? அந்த வேட்டிய ஜவுளிக்கடைக்காரியத் தவிர எவ அப்பிடி மடிப்பா?”

ஆறு மாதம் உன் கடைக்குச் சரக்கை நிறுத்தினார்கள். புத்தகம் தொங்கிய கிளிப்பில் ஷாம்பூ பாக்கெட் தொங்கியது. எனக்கு மாதாமாதம் நாவல் வந்தது. நரிக் கதைக்கு வந்த வாசகர் கடிதங்களை அடுத்த இதழில் போட்டிருந்தார்கள். வேட்டியை மடித்து வைக்கும் இடத்தில் அழுதுவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார், அந்த இல்லாத ஆளைப் பாராட்டி. அதைப் படித்துவிட்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நீ என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூட நான் வந்து காலில் விழுந்திருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தாய், கைப்பிரதியையும் வாங்கிப் படித்தாய். ஆனால் அதற்குப் பிறகு என் தாள்களில் ஒரு தோல்கூட இல்லை. “நல்லாக்கீதுமே” என்று மட்டும் சொல்வாய். எத்தனையோ குப்பைகளை எழுதிக் கொடுத்தேன், வேண்டுமென்றே அசிங்கமாகவும் எழுதிப் பார்த்தேன். நல்லாக்கீதுமே. அது என்ன நியாயம்? என்னைத் திட்டும் உரிமை உனக்கு இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நானும் அதற்குப் பிறகு யாரையும் நரியாக்கவில்லை.

இப்போது ஒரு புதிய பதிப்பகம் என் பழைய நாவல்களைத் தொகுத்துப் போடுகிறது. இன்று காலை அங்கிருந்து பேசிய பையனிடம் கைப்பேசியில் சொன்னேன், நரிக் கதையைத்தான் முதலில் போட வேண்டும் என்று.

“அது வேற ரைட்டர் பேர்ல இருக்கே மேடம். உங்களுதுன்னு ஏதாவது ப்ரூஃப் இருக்கா?”

கைப்பிரதி அச்சகத்தோடு போனது. பதிப்பாளரும் இல்லை. “அட்டையில ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. அப்ப வித்தவங்க ஒட்டினது” என்றேன்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா மேடம்?”

அவங்க போய் மூணு வருஷம் ஆச்சு என்றேன். நான் பொய் என்று சொன்ன சீட்டுதான் இன்று எனக்கு இருக்கும் ஒரே சாட்சி. பிறகு, அவர் சொன்னது நிஜம், மறுத்தது நான்தான், அதையும் முன்னுரையில் எழுதித் தருகிறேன் என்றேன். பையன் சரி என்று வைத்துவிட்டான்.

போனை வைத்துவிட்டு அடுப்பில் கொஞ்சம் மைதா காய்ச்சினேன். நேற்று வாங்கி வந்த புத்தகத்தில் கிளம்பியிருந்த சீட்டின் மூலையை விரலால் தடவி அழுத்தி, காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நானே ஒட்டினேன்மே.