இருபத்து மூன்று நொடி

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் பதினோரு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் நடுவில் உன் அப்பன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நீ வந்து இறங்கியபோது, "எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்த" என்று வாசலில் வைத்துக் கேட்டேனே, அதிலிருந்து இந்த இரண்டு வருஷமாக மழை வெயிலைத் தாண்டி நமக்குப் பேச்சு ஓடவில்லை, போனைத் தம்பி கையில் தள்ளிவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், என் படிப்பு அவ்வளவுதான்.

நம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் விஞ்ஞான டீச்சரும் சேர்ந்து ஒரு வானம் செய்திருக்கிறார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, கூரையிலிருந்து அறுபது தகர டப்பா, டப்பாவில் ஆணியால் குத்திய ஓட்டைகள், உள்ளே ஒரு பல்பு, ஆளுக்கொரு நட்சத்திரம். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாகப் பலகைகள், கை வைத்து அழுத்தினால் அதற்குரிய நட்சத்திரம் எரியும். வயர் இழுக்கிற வேலை எனக்கு. திறப்புக்கு முதல் நாள் தனியாகச் சோதித்துப் பார்த்தால் ஒன்று உடனே எரிகிறது, ஒன்று ஐந்து நொடி கழித்து, ஒன்று நான் கையை எடுத்துத் தலையைச் சொறிகிற வரைக்கும் எரியவே இல்லை. முப்பது வருஷ எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, பார்த்த மாத்திரத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். நடுவில் பிள்ளைகள் மாட்டியிருந்த சின்ன போர்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் நேர் வயர் கொடுத்தேன். அழுத்தினால் பளிச். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. கண்ணாடி போட்ட ஒருத்தி, அவள்தான் கூட்டத்துக்குத் தலைவி, அந்த போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள், "மாமா, அது ரிப்பேர் இல்ல. வெளிச்சம் அங்கேருந்து உடனே கெளம்பிடும். தூரம் ஜாஸ்தி, அதான் வர நேரமாகுது." எந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம், அதற்கு எத்தனை நொடி என்று ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருந்தார்களாம். இன்னொரு வாலு, "மொத்த வானத்தையும் எங்க வீட்டு ஹால் மாதிரி ஆக்கிட்டாரு" என்றது. நான் மறுபடி ஏணியில் ஏறினேன். கண்ணாடிக்காரி நொடிகளை வாசிக்க, மற்றவர்கள் ஸ்க்ரூவும் டேப்பும் எடுத்துக் கொடுக்க, பள்ளி விடுகிற மணிக்குள் அறுபதையும் திரும்பப் பொருத்தினோம். எனக்கு அவசர மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள், பொருத்தமான பெயர்தான்.

மறுநாள் எல்லோரும் வந்தபோது அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் இருப்பதிலேயே தூரமான நட்சத்திரத்தின் முன்னால் நிறுத்தினாள். இருபத்து மூன்று நொடி, தூரத்தில் இருக்கிற யாரையாவது நினைத்துக்கொண்டு அழுத்த வேண்டுமாம், கையை எடுத்தால் முதலிலிருந்து எண்ணுமாம். உலை கொதிக்கும் முன்னே மூடியைத் திறந்து பார்க்கிறவன் நான், பத்தாவது நொடியிலேயே விரல் துடித்தது, இருந்தும் நின்றேன். கூரை மூலையில் சின்னதாக, கொஞ்சம் மஞ்சளாக வந்தது. "யார நெனச்சீங்க மாமா" என்று கேட்டாள், எர்த் வயரைத்தான் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நின்றது நீதான் பாப்பா. தகவல் கிடைத்த அன்றிரவே கிளம்பி, இரண்டு விமானம் மாறி, கால் வீங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாயே.

நீ எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து நன்றாக இருக்க வேண்டும், தொட்டது துலங்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஈரக் கையோடு ஹீட்டர் பிளக்கைத் தொடாதே, மறந்துவிடாதே.

அன்றைக்கு வாசலில் அத்தனை பேர் முன்னால் நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு, தம்பிக்கும் தெரியாது. "அவளுக்குப் போன் போடுங்க, பாக்கணும்" என்று உன் அம்மா படுக்கையில் கிடந்தபடி திங்கட்கிழமையே சொன்னாள். நீ வீணாகப் பயப்படுவாய் என்று நான் வியாழக்கிழமைதான் போட்டேன்.

உன் அப்பா