சாயந்திர முகம்

க்யிம்யிண்டைங், யாங்கூன்
6-1-2025

அன்புள்ள சத்யா,

நலம். நீயும் மஞ்சுளாவும் உன் அண்ணன் வீட்டில் சுகமாக இருக்கிறீர்களா? போனில் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். மாவ்பியிலிருந்து மண்டிக்குக் காய் கொண்டுவரும் வண்டிக்காரர் இதைத் தருவார்.

எனக்குப் பேய் பிடிக்கவில்லை. நரம்பு டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணை இறக்காமல் கூரையையே பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் தாமாக இறங்கிவிட்டன. ரப்பர் கையுறையில் ஐஸ் போட்டு ஒரு இமைமேல் வைத்து எடுத்தார். அந்தக் கண் மட்டும் திறந்தது. கண்ணாடியைக் காட்டினார்கள். பாதி முகம் விழித்திருந்தது, பாதி தூங்கியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

தசை நோயாம். மயஸ்தீனியா என்று பெயர். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராதபடி உடம்பே குறுக்கே நிற்கிறதாம். காலையில் பலம் இருக்கும், போகப் போகக் குறையும். அதனால்தான் காலையில் மட்டும் நான் நானாக இருந்தேன். மாத்திரை தந்திருக்கிறார்கள். யாருக்கும் தொற்றாதாம். வந்துவிடேன்.

உன்,
கார்த்திகேசன்

மாவ்பி
11-1-2025

அன்புள்ள மஞ்சுளா அப்பாவுக்கு, சத்யபாமா எழுதுவது.

நாங்கள் சுகம். மஞ்சுளா இங்கே எல்லோரிடமும் பர்மா பாஷைதான். என்னிடம் மட்டும் தமிழில், "பகல்ல இருக்கிற அப்பாவ மட்டும் கூட்டிட்டு வாம்மா" என்கிறாள்.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். விளக்கு வைத்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். உங்கள் நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும். மூக்கால் பேசும். குடித்த மொஹிங்கா மீன்குழம்பு மூக்கு வழியாக வரும். நான் வாசலில் நின்றால், என் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதுபோல அங்கேயும் பார்க்கும். பக்கத்து வீட்டு டோ மியா, நாட் தேவதை ஏறியிருக்கிறது, தேங்காயும் வாழைப்பழமும் வைத்துக் கேள் என்றார்.

வைத்தேன். கேட்டேன். கேட்டதும் அது பல்லைக் காட்டியது. அன்றைக்குத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். நான் அதனிடம் பேசியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

சத்யபாமா

க்யிம்யிண்டைங்
15-1-2025

அன்புள்ள சத்யா,

அங்கேயேதான் இருந்தேன். எல்லாம் கேட்டது.

கண்ணின் தசை சோர்ந்தால் ஒன்று இரண்டாகத் தெரியுமாம். சாயந்திரமானால் எனக்கு இரண்டு சத்யா. எவளுக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்ப்பேன். அன்றைக்கும் இரண்டு பேராகக் கும்பிட்டுக்கொண்டு நின்றீர்கள். "இவர எடுத்துக்கோ, எம் புள்ளைய விட்டுரு" என்று இரண்டு வாயும் சொன்னது.

சரி என்று சொல்லத்தான் பார்த்தேன். நாக்கு எழவில்லை. நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். உன்னைத் தேற்றலாம் என்று சிரித்தேன். இந்த நோயில் உதட்டோரம் ஏறாது, நடு உதடு மட்டும் தூக்கும், சிரித்தால் உறுமுவதுபோல இருக்கும் என்று டாக்டரம்மா இப்போது சொல்கிறார். நீ பார்த்தது என் சிரிப்பைத்தான்.

எனக்கு வருத்தம் இல்லை. இருந்தது, எழுத எழுதக் குறைந்துவிட்டது. மாத்திரை போட்டால் முகம் சரியாகிறது. அதன் பலம் ஓயும்போது மறுபடியும் கொஞ்சம் வருகிறது. வருவதானால் காலையில் வா.

கார்த்திகேசன்

மாவ்பி
20-1-2025

மஞ்சுளா அப்பாவுக்கு,

நான் உங்களைக் கொடுத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். இதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலையில் இல்லை, விளக்கு வைக்கும் நேரத்தில். பிள்ளை அண்ணனோடு தெருமுனையில் நிற்கும். முதலில் நான் மட்டும் வருவேன். எனக்காக மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டாம். முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

கதவைத் திறந்ததும் சிரியுங்கள். நான் ஓடாமல் நிற்கிறேனா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சத்யா