கிணறு வெட்டியவன் போட்ட குறி

காட்டன்வுட் முனை, கான்சாஸ்
1884, மே 11

மதிப்பிற்குரிய டாக்டர் டில்மன் அவர்களுக்கு, கிணறு வெட்டும் ஹால்வர் ரூட் வணக்கத்துடன் எழுதுவது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில், இந்தப் பனிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். "ஹால்வர், பேனாவக் கடப்பாரை மாதிரி பிடிக்காதீங்க, தாள் கிழியுது" என்று ஆசிரியை மிஸ் ஆல்மீரா தினமும் திட்டினார். மேலே இருக்கும் 'மதிப்பிற்குரிய' என்ற சொல்லுக்கு மட்டும் அரை நாள் ஆனது. முடித்ததும் சந்தோஷம் தாங்காமல் கொண்டுபோய்க் குதிரையிடம் காட்டினேன்.

நீங்கள் இப்போது இருக்கும் ஓரிகனில் மழை அதிகம் என்கிறார்கள். உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் நகரத் தலைவராக இருந்தபோது கடைத்தெருவில் நட்ட எல்ம் மரங்கள் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டன. நான் படித்ததும் நீங்கள் கட்ட வைத்த பள்ளிக்கூடத்தில்தான்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கோடையில் காய்ச்சல் வந்து நான்கு பேர் செத்ததும், நீங்கள் நகரக் கிணற்றின் மேல் பலகை அடித்து மூடினீர்கள். மேட்டில் இருக்கும் குதிரைக் கொட்டடியின் கழிவு மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் கலக்கிறது என்றீர்கள். கொட்டடிக்காரர் பர்டெட் நேரே என்னிடம் வந்தார். "யோவ் ஹால்வர், நீ தோண்டுனது கிணறா, சாக்கடையாய்யா? டாக்டர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரே!" என்றார். முப்பத்தாறு அடி, டாக்டர். தனி ஆளாக நான் தோண்டியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

கிணற்றைத் திறக்கச் சொல்லும் மனு என்று ஒரு தாளை நீட்டினார். வேறென்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் குறுக்காக இரண்டு கோடு போட்டேன். அது போதாதென்று, பலகையைப் பெயர்த்து, எல்லாரும் பார்க்க மூன்று குவளை குடித்தேன். கைதட்டினார்கள். ஒரு வாளி நிறைய வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி குன்ஹில்ட் ஒன்பதாம் நாள் காய்ச்சலில் படுத்தாள்.

அதற்குள் உங்களைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். உங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட எனக்கு முகம் இல்லை. நீங்களாகவே வந்தீர்கள். பதினேழு நாள் வந்தீர்கள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "ஹால்வர், அந்த வாளிய மட்டும் வெளிய வச்சிடுப்பா" என்றீர்கள், அவ்வளவுதான். காய்ச்சலிலும் அவள் உங்களிடம், "என் வீட்டுக்காரர் தோண்டுன கிணறு டாக்டர், அதக் குறை சொல்லாதீங்க" என்றாள். நீங்கள், "சரிம்மா, சொல்லல" என்று அவள் நெற்றியைத் துடைத்தீர்கள். அதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

அவளைப் புதைத்த மறுவாரம் நீங்கள் வண்டி ஏறினீர்கள். வழியனுப்ப நான் வரவில்லை.

போன மாதம் நகர அலுவலகத்துக்குப் போய் அந்த மனுவைக் கேட்டு வாங்கினேன். விரலை வைத்து ஒரு மதியம் முழுக்கப் படித்தேன். கிணற்றைத் திறக்கச் சொல்வது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் உங்களைப் பற்றி. சொந்த மருந்து விற்பதற்காக மக்களைப் பயமுறுத்தினீர்களாம். தலைவராக இருக்கத் தகுதியில்லாதவராம். கீழே நாற்பத்து மூன்று பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே என் குறி. தோண்டியவனே போட்டுவிட்டான் என்றுதான் மற்றவர்கள் போட்டிருப்பார்கள். அவர்கள் படித்துவிட்டுப் போட்டார்கள். நான் படிக்காமல் போட்டேன். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் போனபின் அந்தக் கிணற்றில் யாரும் இறைக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். இந்த வசந்தத்தில் அதை மண் போட்டு மூடிவிட்டேன். கொட்டடிக்கு மேலே, கிணற்றை மூடிய அன்று புதுக் கிணற்றுக்கென்று நீங்கள் முளை அடித்துக் காட்டிய இடத்தில் புதிதாகத் தோண்டினேன். நாற்பத்தோராவது அடியில் ஊற்று வந்தது. முதல் குவளையை நான் குடிக்கவில்லை. குன்ஹில்டின் கல்லறை மேல் ஊற்றினேன்.

கிணற்றுச் சுவரில் ஒரு கல் வெறுமையாக இருக்கிறது. அதில் உங்கள் பெயரை வெட்ட ஆசை. எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன். ஒரு வரி எழுதுங்கள், டாக்டர். வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். வேறு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. நானே படித்துக்கொள்வேன்.

கடவுள் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அந்த மனுவில் நான் எழுதாத பெயரை இதில் எழுதுகிறேன்.

ஹால்வர் ரூட்