படகோட்டிச் சீட்டு

வால்டிவியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இஸ்மாயேலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை ராயேனும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இரு. மழை விட்டபாடில்லை, விறகெல்லாம் ஈரம், அடுப்பு புகைகிறது. அப்பாவின் படகை எடுக்க ஆளில்லை, மீன் சந்தைப் பக்கமிருந்து ஒரு கடல் சிங்கம் வந்து அதில் ஏறிப் படுத்துக்கொள்கிறது, விரட்டவும் தோன்றவில்லை. அப்பாவைப் புதைத்ததிலிருந்து எனக்கு எல்லாம் மரத்துப் போய்விட்டது. அழுகை வரவில்லை. நீ வராததில் கோபமும் வரவில்லை, குடியிருப்புத் தாள்கள் கைக்கு வராமல் அந்த நாட்டை விட்டு நீ எப்படிக் கிளம்பியிருப்பாய்.

எழுத உட்கார்ந்தது உன் விளையாட்டுச் சீட்டு விஷயமாக. உன் சிநேகிதர்கள் ஃபாபியானும் யாஸ்னாவும் இன்னும் சனிக்கிழமைதோறும் நம் சாப்பாட்டு மேசையில்தான் விளையாடுகிறார்கள், நான் தனியாக இருக்கக் கூடாதாம். நீங்கள் மூவருமாக வரைந்த சீட்டுகளைச் சேர்த்து அச்சடித்து டெமுகோ நகரத்தில் நடக்கும் சீட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதில் நீ அப்பாவைக் கம்பளித் தொப்பியோடு வரைந்த படகோட்டிச் சீட்டில்தான் தகராறு. அது கல்லறைக்குப் போனால் கல்லறையிலிருந்து ஒரு சீட்டைத் திரும்பக் கூப்பிடலாம் என்று கீழே எழுதியிருக்கிறாய். தோற்ற சீட்டைப் போடும் குவியலுக்கு இப்படியா பெயர் வைப்பீர்கள். நேற்று ஃபாபியான், படகோட்டி விழ விழ அவரையே திரும்பக் கூப்பிட்டு ஜெயித்துக்கொண்டிருந்தான், இது என்னடா சாகாவரம், கள்ள ஆட்டம் ஆடாதே என்று யாஸ்னா சீட்டைப் பிடுங்கிவிட்டாள். அவன் என் பக்கம் திரும்பி, "வேற சீட்டைன்னு எங்க எழுதியிருக்கு? அத்தை, நீங்களே சொல்லுங்க, மாமா போனா தன்னையே திரும்பக் கூப்பிட்டுக்கலாமா கூடாதா?" என்றான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது, மேசைக்கடியில் யாஸ்னா அவன் காலை மிதித்ததும் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கு இன்னும் ரொட்டி வேண்டும் என்று கேட்டேன்.

பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, கூடாது, வேறொருவரைத்தான் கூப்பிடலாம் என்று சொன்னேன். சீட்டைச் செய்தவன் வாயால் சொன்னால்தான் செல்லும், அது எங்க வழக்கம் அத்தை என்றாள் யாஸ்னா. உனக்கு எத்தனை தடவை கேட்டு அனுப்பியும் பதிலே இல்லையாம். எனக்கும்தான் இல்லை. தாள்கள் இப்போது வந்துவிட்டன, ஆனால் இனி எந்த முகத்தோடு வருவது என்று ராயேனிடம் சொன்னாயாம். அவள் உன்னிடம் மறைத்ததை நான் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அப்பா என்னைக் கூப்பிடவில்லை, அவளையும் கூப்பிடவில்லை, இஸ்மா வந்துட்டானா, இஸ்மா வந்துட்டானா என்று உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அதனால்தான் படகோட்டி வேறொருவரைத்தான் கூப்பிடலாம் என்று அவர்களிடம் சொன்னேன்.

கன்னி மரியாள் உனக்குத் துணையிருப்பாள், குளிரில் வெறும் தலையோடு திரியாதே. படகோட்டிச் சீட்டின் அந்த வரியில் 'வேறு' என்று சேர்த்து உன் கையெழுத்தில் திருத்தி எழுது. மறக்காதே, தபாலில் போட வேண்டாம், நீயே கொண்டு வா.

உன் அம்மா
ஒர்ட்டென்சியா