குடிக்காத காப்பி

அமாரா ஊரிலிருந்து

அன்பு மகன் கஹ்தானுக்கு உம்மா ஃபக்ரிய்யா எழுதுவது. இறைவனின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும்.

போனில் பேச ஆரம்பித்தால் நீ பல்லைக் கடிக்கிறாய், எனக்கு அழுகை முட்டுகிறது. அதனால் இதை எழுதி, ஸ்வீடன் திரும்பும் உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசிவரை படி. பாதியில் கிழித்தால் நீ என் பிள்ளை இல்லை.

உன் தம்பி மைஸம் செத்ததைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் சித்தப்பா பார்த்துச் சொன்னதை நான் சொல்கிறேன். தண்ணீர் மோட்டார் சண்டையில் மைஸம் அக்கரை ஷேக் முஜ்பிலின் தங்கை மகனைக் காலில் சுட்டது உனக்குத் தெரியும். அதற்குச் சமாதானம் பேச நம் ஆட்கள் முஜ்பில் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள்தான் உன் தகப்பனாருக்கு இதயத்தைப் படம் பிடிக்கும் நாள். மாதக்கணக்கில் காத்துக் கிடைத்த நாள் அது.

அந்த மாதிரி மெஷினில் வேலை பார்க்கிறவன் நீ. காப்பி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஊசி மருந்து வேலை செய்யாது, ரத்தம் போகாத இடத்திலும் போகிறதென்று படம் பொய் சொல்லும் என்று அவரிடம் உன் தலைமேல் சத்தியம் வாங்கினாய். அவர் பிடித்தால் உடும்புப் பிடி.

நம் ஆட்கள் முன்னால் கோப்பைகள் இருந்தன. கேட்டது கிடைக்கும்வரை தொடக்கூடாது என்ற முறைப்படி யாரும் தொடவில்லை. முஜ்பில் எழுந்து, "கேட்டதக் குடுத்துட்டேன், காப்பியக் குடிங்க" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு குடிக்காதவன் சமாதானத்தைக் காறித் துப்பியவன். எல்லாரும் குடித்தார்கள். உன் தகப்பனார் மட்டும், "மன்னிச்சுக்குங்க ஷேக், நாளைக்கு நெஞ்சுல டெஸ்ட்டு, டாக்டர் காப்பி கூடாதுன்னுட்டாரு" என்றாராம். சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார், பாவம்.

முஜ்பிலின் மகன் நாயிஃப் சிரித்திருக்கிறான். "காப்பி குடிச்சா படம் விழாதாம்! யாருக்குய்யா காது குத்துற? எங்க காப்பில என்ன விஷமா இருக்கு?" என்று எழுந்து நின்றுவிட்டான். சபை கொதித்தது. மைஸம், "வாப்பாவுக்குப் பதிலா நான் குடிக்கிறேன்" என்று கோப்பையை எடுக்கக் கையை நீட்டினான். நீட்டிய கை துப்பாக்கிக்குப் போகிறதென்று நாயிஃப் சுட்டான். தொண்டையில் குண்டு. என் பிள்ளை அந்தக் காப்பியின் மேலேயே விழுந்தான்.

அன்று மாலையே நம் ஆட்கள் அவர்களுடைய மோட்டாரை எரித்தார்கள், கட்டிக் கிடந்த எருமைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அவர்கள் வந்து நம் வீட்டைச் சல்லடையாக்கினார்கள். மாடித் தொட்டி ஓட்டையாகி, மைஸமைக் குளிப்பாட்ட வேண்டிய தண்ணீர் படிக்கட்டில் ஓடியது. பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். நாயிஃப் என் கையில் கிடைத்திருந்தால் கண்ணைத் தோண்டியிருப்பேன். இப்போதும் தோண்டுவேன். உன்னிடம் மறைத்து எனக்கென்ன ஆகப்போகிறது?

துக்கப் பந்தலில் கசப்புக் காப்பி ஊற்றினார்கள். உன் தகப்பனார் அங்கேயும் தொடவில்லை. பிள்ளையைப் புதைத்த கையோடு எழுந்து நின்று, "என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பெரியவனுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்" என்றார். நாள் தவறியும் அந்த டாக்டரம்மா நல்ல மனசுக்காரி, எடுத்தாள். படத்தைக் காட்டி, "ரத்தம் போற வாய்க்கா குறுகுனது முன்னாடியே தெரியும்மா. கடைமடைக்குத் தண்ணி போகுதான்னுதான் இதுல பாக்கணும். போகல பாருங்க" என்றாள். இதயத்தின் முன்பக்கம் பாதி இருட்டாகக் கிடந்தது. உடனே பாக்தாத் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

எப்படிப் போவது? பாக்தாத் போகிற பாலத்தில் நாயிஃபின் ஆட்கள் நிற்கிறார்கள். நம் வண்டி எது போனாலும் சுடுகிறார்கள்.

இப்போது முஜ்பிலே ஆள் அனுப்பியிருக்கிறார். இந்த முறை அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள், நாயிஃபும் வருவான். கோப்பை அவர்கள் முன்னால் இருக்கும். "காப்பியக் குடிங்க" என்று நம்மில் ஒருவர் சொன்னால்தான் பாலம் திறக்கும். உன் தகப்பனாரிடம் கேட்டேன். "என் வாயால வராதுடி, நெஞ்சு வெடிச்சுரும். மூத்தவன் வந்து சொல்லட்டும்" என்கிறார். நீயோ போனில், "வர்றேன், ஒருத்தனையும் உயிரோட விடமாட்டேன்" என்கிறாய். சுடு. அப்புறம் உன் தகப்பனாரையும் உன்னையும் ஒரே நாளில் குளிப்பாட்ட எந்த வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பேன்?

நீ வாங்கிய சத்தியத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நீயும் பேசாதே. அவர் மூச்சு வாங்கியபடி வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்.

வா மகனே. அந்த ஒரு வார்த்தையைச் சொல். நாக்கு எழாவிட்டால் திரும்பிப் பார், கதவுக்குப் பின்னால் நான் நிற்பேன். அந்தக் காப்பியை நான்தான் காய்ச்சப் போகிறேன்.

அல்லாஹ் உன்னை வெறுங்கையோடு என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் உம்மா
ஃபக்ரிய்யா