விளக்கு தெரியாதபோது

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துவிட்டு நகர முடியவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கால் வலி தேவலை. மகன் போர் விமானம் ஓட்டப் போகிறான் என்று பக்கத்து வீட்டில் தினமும் அளந்துகொண்டிருக்கிறாள். நீ பயிற்சி எடுக்கும் சுழலும் அறையைப் பற்றி அவளிடம் நான் சொன்னதெல்லாம், அது ஒரு பெரிய ராட்டினம் என்பதுதான்.

அதே மாதிரி ராட்டினத்தில் சுற்றுகிறவர்களின் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் திரையில் பார்ப்பதுதான் இங்கே எனக்கு ஏழு வருஷமாக வேலை. வேகம் ஏற ஏற, புவியீர்ப்பே கூடிவிட்டதுபோல உடம்பு நாலு மடங்கு, ஆறு மடங்கு கனக்கும். இரத்தமும் கனத்துக் காலுக்கு இறங்கிவிடும். அதை மூளைக்கு ஏற்ற இதயம் படாத பாடு படும். நிமிஷத்துக்கு நூற்றெழுபது தடவைகூட அடிக்கும். அப்படியும் முடியாவிட்டால் முதலில் ஓரப்பார்வை போகும். அதைக் கண்டுபிடிக்கத்தானே பக்கவாட்டில் மாறி மாறி எரியும் விளக்குகள்? தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் கைப்பிடியை விட வேண்டும், இயந்திரம் நின்றுவிடும்.

போன விடுமுறையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், விளக்குகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் எரியும் என்று உளறியவள் நான். நீ எழுதுகிறாய்: "ஒண்ணுமே தெரியலக்கா. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே அழுத்திட்டேன். டாக்டரே அசந்துட்டாரு!" படித்துவிட்டுச் சிரிப்பேன் என்று நினைத்தாயா, மடையா?

இங்கேயும் ஒருவன் அப்படி எண்ணினான். ஐந்தாவது நொடியில் தலை தொங்கிவிட்டது, இறுகிப்போன கை மட்டும் கைப்பிடியை விடவில்லை. திரையில் அவன் இதயம் மூன்று நொடி அடிக்கவே இல்லை. நான் போட்ட கூச்சலில் இயந்திரத்தை நிறுத்தினார்கள், பிழைத்தான். ஆகாயத்தில் தனியாக இருக்கும்போது உனக்காக யார் கூச்சல் போடுவார்கள்?

வியாழக்கிழமை உனக்கு ஒன்பது மடங்கு. அதனால் காலையில் உன் டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வரிசையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பது உட்பட. என் வேலை போகலாம். உன் பயிற்சியும் இத்தோடு நிற்கலாம். நீ சின்ன வயதிலிருந்து வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை என்பது எனக்குத் தெரியாதா?

ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரே திட்டு. அதற்கு நீ முழுசாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். கண் இருட்டினால் கையை விட்டுவிடு, தங்கமே. நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த
அக்கா