அசருக்குப் பின் திறக்கப்போகும் குழாய்

என் செல்ல ராத்தா,

இன்று சுபஹு தொழுததும், தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், மாம்புரிப் பள்ளிவாசல் வளவிலிருக்கும் எங்கள் மெசின் கொட்டிலுக்கு ஓடினேன். நேற்று மெசினில் சுத்தமாகி வந்த தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து, பக்கத்தில் பலமான காந்தமொன்றைக் கட்டிவிட்டு வந்திருந்தேன். காந்தம் தொட்ட இடத்தில், கண்ணாடியின் உட்புறம், தலைமயிர் அளவில் ஒரு மண்ணிறக் கோடு.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு எனக்கு வந்த வேலை இது, உவர்நீரைக் குடிதண்ணீராக்கும் மெசின். மெல்லிய சவ்வொன்றின் ஒரு பக்கம் நம் கிணற்று உவர்நீர். மறுபக்கம், கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள் கலந்த நீர். உப்பு அங்கேயே நிற்க, தண்ணீர் மட்டும் துகள்களின் பக்கம் இழுபட்டு வரும். பிறகு காந்தத்தால் துகள்களைப் பிடித்தெடுத்தால் மிஞ்சுவது குடிதண்ணீர். எல்லாத் துகளும் பிடிபட்டால்தான். மிகச் சிறியவை தப்பிவிடுகின்றன, ராத்தா. போத்தலில் கோடாய் நின்றது அவைதான்.

இன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஊருக்குக் குழாய் திறக்கிறார்கள். நிறம், ருசி, மணம் மூன்றும் மாறவில்லை என்று பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்குத் திருப்தி. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீரை நாமும் அப்படித்தானே பார்த்தோம்? இந்தத் துகள் அந்த மூன்றிலும் அகப்படாது.

போத்தலைத் திட்டத்துக்குப் பொறுப்பான இன்ஜினியரிடம் காட்டினேன்.

"மிஸ், இந்தக் கோட்டைப் பாக்கவே கண்ணாடி போடணும். இன்டைக்குத் திறக்காட்டி மெசினைத் தந்தவங்க அத வேற ஊருக்குக் கொண்டுபோயிருவாங்க. வாயத் திறக்காதீங்க, பொறகு சரிப்படுத்துவம்."

அவர் பொய் சொல்லவில்லை. கொண்டுபோய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்தால், எட்டு மாத வயிற்றோடு உங்கள் மகள் நுஸ்ரத் வாசலில் நிற்கிறாள்.

"சாச்சி, முதல் கிளாஸ் எனக்குத்தான். கரிச்ச தண்ணி குடிச்சுக் குடிச்சு, புள்ள கருவாடாத்தான் வரப்போகுது!"

"சும்மா இரு புள்ள."

"ஏன் மூஞ்சி செத்துக் கிடக்கு? உங்கட தண்ணிதானே?"

என் தண்ணீர்தான். அதைக் குடித்தால் கெடுதி வருமா, வராதா? எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை அவளுக்கு எப்படிக் கொடுப்பேன்? மெசின் போய்விட்டால், தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்துக் கிடக்கும் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அசருக்கு முன்னமே குழாயடிக்குப் போய் நிற்பேன். குடத்தோடு வருகிற ஒவ்வொருத்தியிடமும், "இது இன்னும் குடிக்கிற தண்ணி இல்ல" என்று என் வாயாலேயே சொல்வேன். முதலில் நுஸ்ரத்திடம்.

உங்கள் தங்கச்சி,
ஹசீனா